லாயிட் ஜார்ஜும் ஐந்து ஷில்லிங் பென்ஷனும்

இங்கிலாந்தில் ஏழையாய்ப் பிறந்தவன் கிழவனாவது ஒரு குற்றம்போல் பாவிக்கப்பட்ட காலம் ஒன்று உண்டு. உலகத்தின் செல்வமெல்லாம் லண்டன் துறைமுகத்தில் வந்து குவிந்த அதே நாட்களில், நாற்பது ஐம்பது வருஷம் வயலிலும் சுரங்கத்திலும் உழைத்த மனிதன் கை ஓய்ந்ததும் கதியற்று நின்றான். 1834-ம் வருஷத்து ஏழைகள் சட்டம் அவனுக்குக் காட்டிய வழி ஒர்க்ஹவுஸ் என்னும் விடுதிக்குப் போகும் வழி. சொந்த உடுப்பைக் கழற்றிவிட்டு விடுதியின் உடுப்பைத் தரிக்க வேண்டும். பல இடங்களில் கணவன் ஒரு பக்கம், மனைவி மற்றொரு பக்கம். வீட்டிலிருந்தபடியே சில ஷில்லிங் உதவி பெற்றோரும் உண்டு என்றாலும், தரித்திரன் என்ற முத்திரை இருவகையாருக்கும் ஒன்றே. வோட்டுரிமையும் அதோடு போய்விடும். விடுதிக்குள் இருப்பவனுடைய வாழ்வு, வெளியே உழைக்கும் ஆகக் கீழான கூலிக்காரனுடைய வாழ்வைவிடவும் தாழ்ந்தே இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் மூல தத்துவம். அதாவது, சோறு போட வேண்டும். ஆனால் கேட்க வருகிறவன் வெட்கிக் கேளாமலே திரும்பிப் போகும்படியாகப் போட வேண்டும்.

1909-ம் வருஷம் ஜனவரி மாதம் 1-ந் தேதி, வெள்ளிக்கிழமை, இந்த ஏற்பாட்டில் முதல் உடைப்பு விழுந்தது. அன்று காலையில் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து எங்கும் தபாலாபீஸ் வாசல்களில் எழுபது வயது கடந்த கிழவர்களும் கிழவிகளும் வந்து நின்றார்கள். ஜன்னலுக்கு அந்தப்புறம் இருந்தவர் அவர்களுடைய ஒழுக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. மகன் என்ன செய்கிறான் என்று கேட்கவில்லை. சீட்டைக் கிழித்துக்கொண்டு ஐந்து ஷில்லிங்கைக் கையில் கொடுத்தார். கிராமத்துக் கிழவர்களில் சிலர், இவ்வளவு தாராளமாகப் பணம் கொடுப்பவர் ஒரு பிரபுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து, லாயிட் ஜார்ஜின் பெயரை லார்டு ஜார்ஜ் என்றே சொல்லி வாழ்த்தினார்களாம். பணத்தை எடுத்துக் கொடுத்ததைத் தவிர வேறொன்றும் செய்யாத தபாலாபீஸ் பெண்ணுக்குத் தங்கள் தோட்டத்துப் பூவும் ஆப்பிளும் கொண்டுவந்து கொடுத்ததாகப் பிளோரா தாம்ஸன் என்ற எழுத்தாளர் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

சரித்திரத்துக்கு நியாயம் செய்வதானால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தப் பென்ஷன் திட்டத்தின் அஸ்திவாரத்தைப் போட்டவர் லாயிட் ஜார்ஜ் அல்லர். அவருக்கு முன் பொக்கிஷ மந்திரியாக இருந்த ஆஸ்குவித்தே அதைத் தயாரித்தவர். 1908 ஏப்ரலில் ஆஸ்குவித் பிரதம மந்திரியாகவும், லாயிட் ஜார்ஜ் பொக்கிஷ மந்திரியாகவும் ஆனார்கள். மசோதாவைக் காமன்ஸ் சபையில் நடத்திச் சென்று சட்டமாக்கியதும், அதற்கு வேண்டிய பணத்தைத் தேடப் பிரபுக்களோடு மல்லுக்கு நின்றதும், பின்னர் இன்ஷூரன்ஸ் என்ற பெரிய கட்டடத்தை எழுப்பியதும் லாயிட் ஜார்ஜின் வேலைகள். விதைத்தவனை மறந்து, தண்ணீர் பாய்ச்சியவன் பெயரைச் சொல்வது ஜனங்களின் வழக்கம். ஆனால் இந்தத் தண்ணீரைப் பாய்ச்சுவது லேசான காரியமாக இருக்கவில்லை.

டேவிட் லாயிட் ஜார்ஜ் 1863 ஜனவரி 17-ந் தேதி மான்செஸ்டர் நகரில் பிறந்தார். தகப்பனார் வில்லியம் ஜார்ஜ் ஒரு பள்ளி உபாத்தியாயர். மகனுக்கு இரண்டு வயது நிறைவதற்குள் அவர் காலமானார். கையில் குழந்தைகளோடு நின்ற விதவைத் தாயாரைத் தம்முடைய சகோதரர் ரிச்சர்டு லாயிட் வடக்கு வேல்ஸிலுள்ள லானிஸ்டம்டுவி என்ற சிறு கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். இவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊதியம் வாங்காமல் ஒரு சிறு கிறிஸ்தவ சபைக்குப் போதகர். விவாகம் செய்துகொள்ளாமலே தமக்கையின் மக்களைத் தம் மக்களாக வளர்த்தார். மருமகன் வக்கீல் பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருந்தபோது, கற்பிக்க ஆள் வைக்க வசதி இல்லாமையால், அகராதியும் இலக்கணமும் வாங்கி வைத்துக்கொண்டு மாமனும் மருமகனும் சேர்ந்தே பிரெஞ்சு பாஷை கற்றார்கள். நம் நாட்டில் தாய்மாமன் உறவின் பெருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை; வேல்ஸ் தேசத்து இந்தத் தாய்மாமனைப் பற்றிப் படிக்கும் தமிழன் அவரைத் தன் வீட்டு மனிதராகவே கண்டுகொள்வான். மருமகனும் அதை மறக்கவில்லை. லாயிட் என்ற மாமனின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்தே கடைசிவரை வைத்துக்கொண்டார்.

இந்தக் குடும்பத்துக்கு மாமன் இருந்தார். மாமன் இல்லாத குடும்பம் எங்கே போயிருக்கும்? இக்கேள்விக்கு விடை ஒர்க்ஹவுஸ் என்பதை அந்தப் பையன் அறியாமல் வளர்ந்திருக்க முடியாது.

1884-ல் அவர் வக்கீலானார். நான்கு வருஷங்களில் அவருடைய பெயர் வேல்ஸ் முழுவதும் தெரிந்துவிட்டது. லான்பிராதென் என்ற ஊரில் ஒரு கிழக் கல்லுடைப்புத் தொழிலாளி இறந்துபோனார். தம் மகளின் சமாதிக்குப் பக்கத்தில் தம்மையும் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. அவர் அரசாங்க மத ஸ்தாபனத்தைச் சேராதவராகையால், அவருடைய சபை முறைப்படி அங்கே அடக்கம் செய்ய ஊர்ப் பாதிரியார் சம்மதிக்கவில்லை. மயானத்தின் கதவைப் பூட்டிவிட்டார். லாயிட் ஜார்ஜின் யோசனைப்படி உறவினர் பூட்டை உடைத்து உள்ளே சென்று கிழவரை மகளருகே அடக்கம் செய்தனர். வழக்கு லண்டன் வரையில் போயிற்று; பிரதம நீதிபதி வேல்ஸ் குடியானவர் பக்கம் தீர்ப்பளித்தார். சட்டம் உரிமை கொடுத்திருக்கும்போது அதிகாரியிடம் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை என்ற பாடத்தை அந்த ஜனங்கள் அன்று கற்றார்கள். 1890-ல் கார்னார்வன் தொகுதி உபதேர்தலில் 18 வோட்டு வித்தியாசத்தில் அவர் பார்லிமெண்டுக்குச் சென்றார். அன்று முதல் ஐம்பத்து நான்கு வருஷத்துக்கு மேல் அந்த ஸ்தானம் அவருடையதாகவே இருந்தது.

தென்னாப்பிரிக்காவில் போயர் ஜனங்களோடு பிரிட்டன் நடத்திய யுத்தத்தை அவர் பகிரங்கமாக எதிர்த்தார். 1901 டிசம்பரில் பர்மிங்ஹாம் நகர மண்டபத்தில் ஜனக்கூட்டம் கல்லெறிந்து உள்ளே புகுந்தபோது, போலீஸ்காரர் உடுப்பைப் போட்டுக்கொண்டு தப்ப வேண்டியதாயிற்று. யுத்தத்துக்குக் கோடிக்கணக்கில் செலவழிக்கிற சர்க்காருக்குக் கிழவர்களுக்குக் கொடுக்க மட்டும் காசு இல்லையா என்பது அக்காலத்து அவருடைய வாதங்களில் ஒன்று. இந்த வாதம் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் பழசாவதில்லை.

இனி, 1908-ம் வருஷத்துப் பென்ஷன் சட்டம் யாருக்குக் கொடுத்தது, யாருக்கு மறுத்தது என்பதைச் சற்று நிதானித்துப் பார்ப்போம். ஒரு சர்க்காரின் மனம் எப்படிப்பட்டது என்பதை அதன் மந்திரிகளின் பிரசங்கங்களைவிட, இத்தகைய சட்டங்களிலுள்ள தகுதி விதிகளே நன்றாகக் காட்டும்.

வயது எழுபது நிறைந்திருக்க வேண்டும். அறுபத்தைந்து போதும் என்று வெகுகாலமாகக் கேட்டவர்கள் உண்டு. உடலுழைப்புக்காரனுக்கு அறுபதிலேயே முதுகு வளைந்துவிடுகிறது. ஆனால் வயது ஏற ஏற உயிரோடிருப்பவர் தொகை குறையும். கஜானாவுக்கும் செலவு குறையும். எழுபது என்று வைத்ததன் ரகசியம் இவ்வளவே. இரண்டாவதாக, இருபது வருஷமாகப் பிரிட்டிஷ் பிரஜையாகவும், அந்நாட்டிலேயே வசிப்பவராகவும் இருக்க வேண்டும். மூன்றாவது, வருமானம். வருஷத்துக்கு 21 பவுனுக்கு மேற்படாத வருமானமுள்ளவருக்கு வாரம் ஐந்து ஷில்லிங் முழுமையாகக் கிடைக்கும். அதற்கு மேல் வருமானம் ஏற ஏறப் பென்ஷன் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று படிப்படியாக இறங்கும். 31 பவுன் 10 ஷில்லிங்கைத் தாண்டினால் ஒன்றும் இல்லை. இருபது ஷில்லிங் ஒரு பவுன், பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங் என்பது அக்காலத்துக் கணக்கு.

வருமானம் என்றால் கைக்கு வரும் ரொக்கம் மாத்திரமா? அன்று, அங்கேதான் சட்டத்தின் சாமர்த்தியம் இருந்தது. அனுபவிக்கும் சலுகைகளின் மதிப்பும் சேரும். மகன் வீட்டில் சாப்பாடும் இருக்க இடமும் கிடைத்தால், அதற்கும் ஒரு விலை போட்டுக் கூட்டிக்கொள்ளலாம். பென்ஷன் வாங்குவதற்காகவே சொத்தைப் பிறருக்கு எழுதி வைத்துவிட்டால், எழுதி வைத்ததும் கணக்கில் ஏறும். மனு எழுதும் பாரம் தபாலாபீஸில் கிடைக்கும். அதை விசாரிப்பவர் கலால் இலாகா உத்தியோகஸ்தர். சாராயக் காய்ச்சலைக் கண்டுபிடிப்பதில் தேர்ந்த கண்கள் கிழவியின் பானை சட்டியையும் நோட்டம் பார்த்தன! அவருடைய அறிக்கையின்மேல் தீர்மானிப்பது உள்ளூர்ப் பென்ஷன் கமிட்டி. தீர்ப்பு பிடிக்கவில்லையென்றால் லண்டனிலுள்ள இலாகாவுக்கு அப்பீல் செய்யலாம். இந்த அப்பீல் உரிமையைச் சிறியதென்று எண்ண வேண்டாம். தர்மம் கேட்பவனுக்கு அப்பீல் கிடையாது. உரிமை உள்ளவனுக்கே அப்பீல் உண்டு.

இவற்றோடு ஒழுக்க விதிகளும் இருந்தன. 1908 ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு ஏழைகள் சட்டப்படி உதவி பெற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை. வைத்திய உதவி மாத்திரம் பெற்றிருந்தால் தோஷமில்லை. தம்மால் இயன்றும், வேலை கிடைத்தும், வழக்கமாக உழைக்காமல் காலம் கழித்தவர்களுக்கு இல்லை. சிறையில் இருப்பவர்க்கும், விடுதலையான பின் பத்து வருஷம் வரையிலும் இல்லை. மகா குடியர் என்று கோர்ட்டில் தீர்மானிக்கப்பட்டவர்களையும் விலக்கலாம். எழுபது வயதுக் கிழவன் தன் வாலிபத்தில் ஒழுங்காக உழைத்தானா என்பதை எந்த உத்தியோகஸ்தர் எப்படிக் கண்டுபிடிப்பது? இவ்விதியை நடைமுறையில் அதிகமாகப் பிரயோகிக்க முடியவில்லை. ஏழை உதவி பெற்றவர் விஷயத்திலுள்ள விதியோ கொடியது. மிகவும் கஷ்டப்பட்டவன் எவனோ அவனுக்கே இல்லை என்றது அது. நல்லவேளையாக 1911 ஜனவரியில் அது எடுபட்டது. எடுபட்டவுடன், வீட்டிலிருந்தபடி தரித்திர உதவி வாங்கிக்கொண்டிருந்த எழுபது வயதுக்காரரில் மிகப் பெரும்பாலோர் அதை உதறிவிட்டுத் தபாலாபீஸுக்கு நடந்தனர்.

சட்டத்திலிருந்த நல்ல அம்சங்களையும் மறைக்கக்கூடாது. பென்ஷன் வாங்குவதால் வோட்டுரிமை முதலிய எந்த உரிமையும் போகாது என்று அது தெளிவாகக் கூறிற்று. பென்ஷனை அடகு வைக்கவோ, கடன்காரன் பற்றிக்கொள்ளவோ முடியாது என்றும் விதித்தது. கிழவனோ கிழவியோ ஒரு காசும் முன்பணம் கட்டியிருக்க வேண்டியதில்லை. பென்ஷன் பெற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வாழ்நாளெல்லாம் கூலியில்லாத வேலை செய்தவர்கள், சந்தா கட்டியவர்க்கே பென்ஷன் என்று வைத்திருந்தால் ஒரு நாளும் அதைக் கண்டிருக்க மாட்டார்கள்.

அயர்லாந்தில் ஒரு வேடிக்கை நடந்தது. அங்கே பிறப்பை ரிஜிஸ்தர் செய்யும் வழக்கம் 1864-ல்தான் முழுமையாக ஆரம்பமாயிற்று. ஆகையால் 1909-ல் எழுபது வயதென்று சொல்பவரிடம் அத்தாட்சி கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. 1839 ஜனவரி 6-ந் தேதி இரவு அத்தீவை ஒரு பெரும் புயல் சூறையாடியிருந்தது. அதிகாரிகள், பெருங்காற்று அடித்த இரவு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினர். உடனே தேசமெங்கும் ஞாபகசக்தி பெருகிவிட்டது! தகப்பனாருடைய கூரை பறந்ததையும், தாம் தொட்டிலில் கிடந்ததையும் நேரில் கண்டதுபோல் வர்ணித்தார்கள். பென்ஷன் வாங்குவோர் தொகை அங்கே எதிர்பார்த்ததைவிட வெகுவாக ஏறிற்று. இதைப் புரட்டு என்று லண்டன் பத்திரிகைகள் கூச்சலிட்டன. நாம் அவ்வளவு கடுமையாகச் சொல்ல மாட்டோம். பிறந்த தேதியைக் குறித்து வைக்காத சர்க்கார், பிறந்த தேதியைக் கேட்டால், குடிகள் வேறு என்ன செய்வார்கள்?

பென்ஷன் வந்தது, பணத்துக்கு வழி? யுத்தக் கப்பல்களுக்கும் பென்ஷனுக்குமாக 1909-ல் சுமார் 1 கோடி 60 லட்சம் பவுன் துண்டு விழுந்தது. ஏப்ரல் 29-ந் தேதி லாயிட் ஜார்ஜ் நான்கு மணி நேரத்துக்கு மேல் பேசித் தம் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தார். ஜனங்களின் பட்ஜெட் என்று பெயர் பெற்ற திட்டம் அது. பெரும் வருமானக்காரர்கள்மீது அதிக வருமான வரி, 5,000 பவுனுக்கு மேற்பட்டவர்கள்மீது அதற்கு மேலும் ஒரு வரி, உழைக்காமலே விலை ஏறும் நிலத்தின் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு சர்க்காருக்கு. நிலப்பிரபுக்கள் துடித்தார்கள். நவம்பர் 30-ந் தேதி பிரபுக்கள் சபை 350 வோட்டுக்கு 75 வோட்டாக பட்ஜெட்டையே தள்ளிவிட்டது. தலைமுறை தலைமுறையாக எவரும் செய்யத் துணியாத காரியம் அது. 1910-ல் இரண்டு பொதுத் தேர்தல்கள் நடந்தன. பட்ஜெட் நிறைவேறிற்று, மறு வருஷம் பிரபுக்களின் ரத்து அதிகாரமே சட்டத்தால் வெட்டப்பட்டது. கிழவியின் ஐந்து ஷில்லிங், எழுநூறு வருஷத்துப் பிரபுத்துவத்தின் அதிகாரத்தைப் பறிப்பதில் போய் முடிந்தது.

இதற்கிடையே லாயிட் ஜார்ஜின் மனம் மற்றொரு திட்டத்தில் சென்றுவிட்டது. 1908 ஆகஸ்டில் அவர் ஜெர்மனிக்குப் போய், பிஸ்மார்க் ஏற்படுத்திய தொழிலாளர் இன்ஷூரன்ஸை நேரில் பார்த்து வந்தார். நோய் இன்ஷூரன்ஸ் 1883-ல், விபத்து இன்ஷூரன்ஸ் 1884-ல், முதுமைக்கான பென்ஷன் 1889-ல் அங்கே வந்திருந்தன. சோஷலிஸ்டுகளை ஒருபுறம் ஒடுக்கிக்கொண்டே பிஸ்மார்க் மறுபுறம் தொழிலாளியைச் சர்க்காரோடு கட்டிப்போட இதைச் செய்தார் என்பது வேறு கதை. அதற்கு முந்தின வருஷம், 1907 நவம்பரில், லாயிட் ஜார்ஜ் தம் அருமை மகள் மேரைப் பதினேழு வயதில் இழந்திருந்தார். நோயாளியின் வீட்டுத் துயரம் அவருக்குப் புத்தக அறிவாக இருக்கவில்லை.

1911 மே 4-ந் தேதி கொண்டுவரப்பட்டு டிசம்பரில் சட்டமான தேசிய இன்ஷூரன்ஸ் திட்டம், பென்ஷனைப் போன்றதன்று. அதன் ஏற்பாடு வேறு. இதில் தகுதி வறுமையால் வருவதில்லை, சந்தாவால் வருகிறது. பதினாறு முதல் எழுபது வயது வரையுள்ள உடலுழைப்புத் தொழிலாளர் அனைவரும், வருஷத்துக்கு 160 பவுனுக்கு மேற்படாத சம்பளம் வாங்கும் மற்ற சிப்பந்திகளும் கட்டாயமாகச் சேர வேண்டும். ஆண் தொழிலாளி வாரம் நான்கு பென்ஸும் பெண் மூன்று பென்ஸும் கட்ட, முதலாளி மூன்று பென்ஸும் சர்க்கார் இரண்டு பென்ஸும் சேர்க்கும். நான்கு கொடுத்து ஒன்பது பெறுகிறாய் என்பதே தொழிலாளிக்கு அவர் எடுத்துச் சொன்ன கணக்கு. தினக்கூலி ஒன்றரை ஷில்லிங்குக்கு மேற்படாத வயதுவந்த தொழிலாளியிடம் ஒன்றும் பிடிக்கக்கூடாது. அவன் பங்கை மற்றவர் ஏற்க வேண்டும்.

நோய் வந்தால் ஆணுக்கு வாரம் பத்து ஷில்லிங், பெண்ணுக்கு ஏழரை ஷில்லிங். இருபத்தாறு வாரம் வரையில். அதன் பிறகும் எழ முடியாதவனுக்கு ஐந்து ஷில்லிங். டாக்டரும் மருந்தும் இலவசம். க்ஷயரோகிகளுக்கு ஸானடோரியத்தில் சிகிச்சை. பிரசவத்துக்கு முப்பது ஷில்லிங். ஆனால் டாக்டர் உதவி சந்தா கட்டியவனுக்கு மாத்திரமே. அவன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் இல்லை. விதவைகளுக்குப் பென்ஷன் என்று லாயிட் ஜார்ஜ் முதலில் எண்ணியிருந்தார். விதவையின் மகனல்லவா? ஆனால் வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று ஈமச்செலவுக்கென்று காசு வசூலித்து வந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பலமானவை. தங்கள் வியாபாரம் கெடும் என்று அவை எதிர்த்து நின்றன. விதவைகள் திட்டத்திலிருந்து விழுந்துவிட்டார்கள். அதுமட்டுமன்று, பணம் பட்டுவாடா செய்யும் அங்கீகாரம் பெற்ற சங்கங்களின் வரிசையில் தொழிலாளரின் பரஸ்பர சகாய சங்கங்களோடு அக்கம்பெனிகளின் கிளைகளும் வந்து உட்கார்ந்துகொண்டன. ஒரு சட்டத்தில் யார் விடுபட்டார்கள் என்று தேடினால், பெரும்பாலும் வாசலில் வந்து கூச்சலிட ஆளில்லாதவர்களே விடுபட்டிருப்பார்கள்.

கூச்சலிட ஆள் உள்ளவர்கள் வேறு பலர் இருந்தனர். ஒவ்வொரு வாரமும் முதலாளி ஒரு ஸ்டாம்பு வாங்கித் தொழிலாளியின் கார்டில் ஒட்ட வேண்டும் என்பது விதி. வீட்டு வேலைக்காரிகளுக்கும் இது பொருந்தும். சீமாட்டிகள் தங்கள் நாக்கால் ஸ்டாம்பை நனைப்பதா என்று கொதித்தெழுந்து, 1911 நவம்பரில் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் மகாநாடு கூட்டினர். எஜமானிகளும் வேலைக்காரிகளும் ஒரே மேடையில் இருந்தது அந்நாட்டுக்கு அபூர்வமான காட்சி. டாக்டர்கள் சங்கமும் வேலைநிறுத்தம்போல் ஒன்று செய்வதாக மிரட்டிற்று. லாயிட் ஜார்ஜ் அவர்களுடைய ஊதியத்தை உயர்த்தினார். 1913 ஜனவரியில் சிகிச்சை ஆரம்பமானபோது டாக்டர்கள் ஆயிரக்கணக்கில் பதிவு செய்துகொண்டார்கள். ஏழைப் பேட்டைகளில் வேலை பார்த்த டாக்டருக்கு ஒழுங்காகப் பணம் வந்தது அதுதான் முதல் தடவை என்றும் சொல்லலாம்.

அதே சட்டத்தின் இரண்டாம் பாகம் வேலையில்லாதவர்களுக்கானது. இதைத் தயாரித்ததில் சர்ச்சிலுக்கும், பின்னாளில் புகழ்பெற்ற பெவரிட்ஜுக்கும் பெரும் பங்கு உண்டு. கட்டட வேலை, கப்பல் கட்டுதல், இயந்திர வேலை, வார்ப்படம் முதலிய சில தொழில்களுக்கு மாத்திரம் அது பொருந்தும். சுமார் 22½ லட்சம் தொழிலாளர் அதில் அடங்கினர். வாரம் ஏழு ஷில்லிங், வருஷத்தில் அதிகபட்சம் பதினைந்து வாரம். வேலைநிறுத்தம் செய்தவனுக்கு இல்லை. காரணமின்றி வேலையை விட்டவனுக்கும், துர்நடத்தைக்காக நீக்கப்பட்டவனுக்கும் ஆறு வாரம் இல்லை. வயலில் உழுகிறவன் இதில் எங்கும் இல்லை.

பிறகு 1914-ல் மகாயுத்தம் வந்தது. ஒரு யுத்தத்தை எதிர்த்துப் பெயரெடுத்தவர் மற்றொரு யுத்தத்தை நடத்திப் புகழடைந்தார். 1916 டிசம்பரில் பிரதம மந்திரியானார். செருப்புத் தைத்த மாமன் அதைக் கண்ணாரக் கண்டு, 1917 பிப்ரவரியில் காலமானார்.

இந்தியர்களாகிய நாம் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. ரௌலட் சட்டமும், 1919 ஏப்ரல் 13-ந் தேதி ஜாலியன்வாலாபாக்கில் நடந்த படுகொலையும் இவருடைய ஆட்சியில் நிகழ்ந்தவை. 1920-ல் மௌலானா முகம்மதலி தலைமையில் லண்டன் சென்ற கிலாபத் தூதுகோஷ்டி இவரைச் சந்தித்து வெறுங்கையோடு திரும்பிற்று. 1922 ஆகஸ்டில், இந்தியாவை ஆளும் பிரிட்டிஷ் உத்தியோக வர்க்கத்தை எஃகுச் சட்டமாக வர்ணித்து, அது என்றும் இருந்தாக வேண்டும் என்று பார்லிமெண்டில் பேசியவரும் இவரே. மயானத்தின் பூட்டை உடைக்கச் சொன்ன வக்கீல், ஒரு தேசத்தின் பூட்டைக் காக்கும் காவலனாக நின்றார். அவருடைய ஏழை அபிமானம் பொய் என்று இதனால் சொல்லத் துணியமாட்டோம். அது லானிஸ்டம்டுவியிலிருந்து புறப்பட்டு நெடுந்தூரம் சென்றது. அமிர்தசரஸ் வரையில் வரவில்லை.

சொந்த நாட்டிலும் அவருடைய கடைசி அதிகார வருஷங்கள் விசித்திரமானவை. 1919-ல் பென்ஷன் பத்து ஷில்லிங்காக உயர்ந்தது. வருமான வரம்பும் தளர்ந்தது. 1920-ல் வேலையில்லாதவர் இன்ஷூரன்ஸ் ஒரு கோடிக்கு மேற்பட்ட தொழிலாளருக்கு விஸ்தரிக்கப்பட்டது. விவசாயிகளும் வீட்டு வேலைக்காரரும் அப்பொழுதும் வெளியேதான். மறு வருஷமே தொழில் மந்தம் வந்து, வேலையற்றோர் தொகை இருபது லட்சத்தைத் தாண்டிற்று. சந்தாக் கணக்கு தீர்ந்துபோனவர்களுக்கும் உதவி நீட்டப்பட்டது. ஆனால் உண்மையாகவே வேலை தேடுகிறேன் என்பதை அவரவரே நிரூபிக்க வேண்டும் என்று 1921-ல் விதி வந்தது. இல்லாத வேலையைத் தேடியதற்கு அத்தாட்சி எங்கே கிடைக்கும்? வாசல் வாசலாக ஏறி இறங்கிய களைப்பைத் தவிர அவர்களிடம் வேறு சாட்சியில்லை. 1922 ஆரம்பத்தில், இந்த நீட்டித்த உதவியைப் பெறச் சிலருடைய குடும்ப வரவையும் விசாரிக்கலாம் என்றாயிற்று. தபாலாபீஸ் ஜன்னலில் ஒழிந்த கேள்விகள், வேலைதேடும் காரியாலயத்து ஜன்னலில் மறுபடியும் முளைத்தன. யாருடைய மந்திரி சபையில்? ஐந்து ஷில்லிங் மசோதாவை நடத்திவைத்தவருடைய மந்திரி சபையில்.

பட்டங்களைப் பணத்துக்கு விற்றார் என்ற அபவாதமும், துருக்கியோடு யுத்தம் மூளும் அபாயமும் சேர்ந்து 1922 அக்டோபரில் அவரை இறக்கிவிட்டன. பிறகு அவர் மந்திரி பதவி வகிக்கவேயில்லை. விதவைகளுக்குப் பென்ஷன், அவர் கைவிட்டதற்குப் பதினான்கு வருஷம் கழித்து, 1925-ல் எதிர்க்கட்சியான கன்ஸர்வேடிவ் சர்க்காரால் கொண்டுவரப்பட்டது. 1936-ல் ஜெர்மனிக்குச் சென்று ஹிட்லரைச் சந்தித்து மயங்கித் திரும்பியது அவருடைய முதுமையின் பெரும் பிழை. 1908-ல் அதே நாட்டில் அவர் கற்று வந்த பாடம் வேறு.

அவருக்கே 1933-ல் எழுபது வயது நிறைந்தது. நூல்களாலும் பத்திரிகைக் கட்டுரைகளாலும் அவர் ஈட்டிய வருமானத்துக்கு, தாம் நிறைவேற்றிய சட்டப்படி பென்ஷனுக்குத் தகுதி இல்லை! பிரபுக்களை வாழ்நாளெல்லாம் கேலி செய்தவர், 1945 ஜனவரியில் தாமே பிரபுப் பட்டம் ஏற்றுக்கொண்டார். கிராமத்துக் கிழவர்கள் தவறுதலாகச் சொன்ன லார்டு ஜார்ஜ் என்ற பெயர் முப்பத்தாறு வருஷம் கழித்து மெய்யாயிற்று. பிரபுக்கள் சபையில் உட்காருவதற்குள், மார்ச்சு 26-ந் தேதி, எண்பத்திரண்டாம் வயதில் காலமானார். லானிஸ்டம்டுவி கிராமத்தில், மாமன் வீட்டுக்கு எட்டிய தூரத்தில், துவைபர் நதிக்கரையில் ஒரு பாறாங்கல்லின் கீழ் அவரை அடக்கம் செய்தார்கள். மூன்று வருஷம் கழித்து, 1948-ல், ஏழைகள் சட்டமும் எடுபட்டது.